சுக்கினியும் பேக்கனும்: காய் தண்ணீர் விடாமல் வதக்குவது எப்படி?

அடையாறு அடுப்பு

நம் சமையல் மன்றத்தில் காய் வதக்கல் பற்றி எப்போது பேச்சு வந்தாலும் "கொஞ்சம் தண்ணீர் தெளித்து மூடி போட்டு வேகவிடுங்கள்" என்று யாராவது எழுதிவிடுகிறார்கள். பீன்ஸுக்கும் கேரட்டுக்கும் அது சரி. சுக்கினி (வெள்ளரிக்காய் மாதிரி இருக்கும் இங்கிலீஷ் காய்), பீர்க்கங்காய், புடலங்காய் மாதிரி கொடிக்காய்களுக்கு அது ஆகாது. அதுவும் பேக்கனோடு, அதாவது உப்பில் பதப்படுத்திய பன்றிக்கறியோடு, சேர்த்து வதக்கும்போது மூடியைக் கையால்கூடத் தொடக்கூடாது என்பது என் கட்சி. காரணத்தோடு சொல்கிறேன்.

நான்கு பேர் தொட்டுக்கொள்ள அரை கிலோ இளம் சுக்கினி, 100 கிராம் ஸ்ட்ரீக்கி பேக்கன் (கொழுப்பு வரிவரியாக ஓடியது), ஒரு நடுத்தர வெங்காயம், இரண்டு பல் பூண்டு, புதிதாகப் பொடித்த மிளகு, அரை மூடி எலுமிச்சை. அவ்வளவுதான். மஞ்சள் தூளும் மிளகாய்த் தூளும் வேண்டாம். கடுகு தாளிக்கவும் வேண்டாம்.

பேக்கனை விரல் அகலத்துக்கு நறுக்கி, அடுப்பைப் பற்றவைக்கும் முன்பே வாணலியில் பரப்பிவிடுங்கள். எண்ணெய் ஊற்ற வேண்டாம், இரண்டு ஸ்பூன் தண்ணீர் விட்டால் போதும். தீ சிறியதாக இருக்கட்டும். சுடச்சுட இருக்கும் வாணலியில் போட்டால் வெளியே கருகிவிடும், உள்ளே கொழுப்பு அப்படியே ரப்பராக நிற்கும். மெதுவாகச் சூடேறும்போதுதான் வெள்ளைப் பகுதி தெளிந்து, உருகி, வாணலியில் இறங்கும். இங்கே கிடைக்கிற பல பாக்கெட்டுகளில் உப்புத் தண்ணீர் ஏற்றிய பேக்கன்தான் இருக்கிறது. அதனால் முதலில் வெள்ளையாக நுரை தள்ளும். பயப்படாதீர்கள், அது தண்ணீரும் புரதமும்தான். அந்த நேரத்தில் காது கொடுத்துக் கேளுங்கள். தண்ணீர் இருக்கும்வரை கொதிக்கிற சத்தம் வரும். தண்ணீர் வற்றியதும் சத்தம் மெலிந்து, சிறுசிறு வெடிப்பாக மாறும். நுரையும் அடங்கிவிடும். ஓரம் சுருண்டு பொன்னிறமானதும் பேக்கனைக் கண்கரண்டியால் எடுத்துத் தனியாக வைத்துவிடுங்கள்.

வாணலியில் நிற்கும் கொழுப்பில் இரண்டு மேசைக்கரண்டி போதும். மீதியை வடித்துவிடுங்கள். இப்போது தீயை நன்றாகக் கூட்டி, அரை அங்குல கனத்துக்கு வட்டமாகவோ அரைவட்டமாகவோ நறுக்கிய சுக்கினியை ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் பரப்புங்கள். இரண்டு நிமிடம் கிளறாதீர்கள். இதுதான் கஷ்டமான வேலை, கரண்டி வைத்திருக்கும் கை சும்மா இருக்காது. அடிப்பக்கம் பழுப்பேறியதும் திருப்பிப் போட்டு, மெல்லியதாக அரிந்த வெங்காயத்தை இடைவெளிகளில் தூவுங்கள். வெங்காயம் துவண்டதும் பூண்டு, அரை நிமிடத்தில் மிளகு, கடைசியில் எடுத்து வைத்த பேக்கன். அடுப்பை அணைத்துவிட்டு எலுமிச்சை. உப்பை இதற்கெல்லாம் பிறகு, ருசி பார்த்த பிறகுதான் போட வேண்டும். பெரும்பாலும் தேவையே படாது.

மூடி ஏன் வேண்டாம் என்றால், சுக்கினியில் ஏறக்குறைய 95 சதவீதம் தண்ணீர். வாணலியில் தண்ணீர் நிற்கும்வரை சூடு 100 டிகிரிக்கு மேல் ஏறாது. காய் சிவந்து வறுத்த மணம் வருவதற்கு 140 டிகிரியை ஒட்டிய சூடு வேண்டும். மூடி போட்டால் ஆவி உள்ளேயே சுற்றி, திரும்பவும் தண்ணீராகக் காயின் மேலேயே விழும். கடைசியில் பேக்கன் மணம் அடிக்கிற கூட்டுதான் கிடைக்கும்.

பல்லாவரம் பேச்சிலர்

சார், நல்ல விளக்கம். எனக்கு இரண்டு சந்தேகம். என்னிடம் இண்டக்‌ஷன் அடுப்பும் ஒரு சின்ன நான்ஸ்டிக் வாணலியும்தான் இருக்கிறது. அரை கிலோ காய் அதில் ஒரே அடுக்காக நிற்காது. அப்புறம் சுக்கினி எங்கள் பக்கம் எப்போதும் கிடைப்பதில்லை. வெள்ளிக்கிழமை சந்தையில் பீர்க்கங்காய், சுரைக்காய், பரங்கிக்காய் எல்லாம் குவிந்து கிடக்கும். சுக்கினியை அங்கே பார்த்ததாக நினைவில்லை. அவற்றில் எதையாவது வைத்து இதைச் செய்ய முடியுமா?

அடையாறு அடுப்பு

தாராளமாகச் செய்யலாம், தம்பி. முதல் கேள்விக்கு: இரண்டு ஈடாகப் போடுங்கள். முதல் ஈடு சிவந்ததும் தட்டில் எடுத்து வைத்துவிட்டு இரண்டாவது ஈடு. வாணலியை நிறைத்துக் குவித்தால் அடியில் இருக்கிற காய் விடும் ஆவியிலேயே மேலே இருக்கிற காய் வெந்துவிடும். அது வதக்கல் இல்லை, ஆவியில் வேகவைத்தல்.

வீட்டில் தோசைக்கல் இருந்தால் இன்னும் நல்லது. இதற்கு இரும்பு தோசைக்கல்லைவிடத் தோதான பாத்திரம் இல்லை என்றே சொல்வேன். அகலம் அதிகம், சுற்றுச்சுவர் கிடையாது, ஆவி உடனே வெளியே போய்விடும். இரும்பு சூட்டைப் பிடித்து வைப்பதால் குளிர்ந்த காயைப் போட்டாலும் கல் சட்டென்று ஆறாது. நடுவில் லேசாகக் குழிந்த கல்லாக இருந்தால் கொழுப்பு வழியாது. ஆனால் தோசைக்கு வைத்திருக்கும் கல்லில் செய்யாதீர்கள். பேக்கனின் புகை மணம் இரும்பில் ஏறிவிட்டால் அடுத்து வருகிற தோசையெல்லாம் அதே மணத்தோடுதான் வரும். பழைய கல் ஒன்றை இதற்கென்று ஒதுக்கிவிடுங்கள். இண்டக்‌ஷனில் வைப்பதாக இருந்தால் அடி தட்டையான கல்லாகப் பாருங்கள்.

காய்களைப் பற்றி: பரங்கிக்காய் இதற்கு அருமையாகப் பொருந்தும். என்னைக் கேட்டால் சுக்கினியைவிடவே நல்லது. அதன் இனிப்பும் பேக்கனின் உப்பும் சேரும்போது வேறு மசாலாவே தேவைப்படாது. தோல் சீவி, சிறு சதுரங்களாக நறுக்குங்கள். கெட்டியான காய் என்பதால் வேக நேரமாகும். கொடிக்காய்களில் மூடி போட நான் சம்மதிக்கும் ஒரே காய் இதுதான். அதுவும் முதல் மூன்று நான்கு நிமிடத்துக்கு மட்டும். பிறகு திறந்து வைத்துச் சிவக்க விட வேண்டும்.

சௌ சௌ நல்ல தேர்வு. தீக்குச்சி மாதிரி மெலிதாக நறுக்கினால் வதங்கிய பிறகும் பல்லில் கடிபடும். பீர்க்கங்காயை நான் பரிந்துரைக்க மாட்டேன். பஞ்சுபோல் கொழுப்பை எல்லாம் குடித்துவிட்டு, ஒரு வாணலி காய் ஒரு கிண்ணமாக வற்றிவிடும். வெள்ளைப் பூசணி வேண்டவே வேண்டாம்.

மாடவீதி

நாங்கள் சுத்த சைவம். இருந்தாலும் மூடி விஷயத்தில் உங்கள் கட்சிதான். புடலங்காய்ப் பொரியலுக்கு எங்கள் வீட்டில் நறுக்கிய காயில் உப்புப் போட்டுப் பிசிறி, கால் மணி நேரம் வைத்து, ஒட்டப் பிழிந்துவிட்டுத்தான் வாணலியில் போடுவார்கள். தண்ணீர் முன்பே வெளியேறிவிடுவதால் பொரியல் உதிரி உதிரியாக வரும். சுக்கினிக்கும் அப்படிச் செய்தால் என்ன? நீங்கள் உப்பைக் கடைசியில் போடச் சொல்கிறீர்களே.

அடையாறு அடுப்பு

மாடவீதி அம்மா, உங்கள் வீட்டு முறை மிகச் சரியானது. உப்பு வெளியே இருக்கும்போது காயின் உள்ளே இருக்கிற நீர் உப்பைத் தேடி வெளியே வரும். பேக்கன் இல்லாமல் செய்வதாக இருந்தால் நானும் அப்படித்தான் செய்வேன். பேக்கனே உப்பில் ஊறிய கறி என்பதால் உப்புப் போட்டுப் பிழிந்த காயோடு அது சேரும்போது கரித்துவிடும். பிழிந்த காயைக் கழுவலாம், ஆனால் கழுவினால் திரும்ப ஈரம். அதனால்தான் இந்த வதக்கலுக்கு மட்டும் உப்பில்லாமல் பெரிய தீயை நம்புகிறேன். நறுக்கிய காயைச் சுத்தமான துணியில் ஒற்றி எடுத்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

காசிமேடு காற்று

எல்லாம் சரி, ஆனால் ஒன்று கேட்க வேண்டும். கொடிக்காய்க்கு உப்பிட்ட கறியோ மீனோ சேர்ப்பது நமக்குப் புதிதா? சுரைக்காயில் காய்ந்த இறால், பரங்கிக்காயில் கருவாடு, முருங்கைக்காயோடு நெத்திலிக் கருவாடு என்று காலம் காலமாகச் செய்கிறோம். சென்னாக்குன்னி என்கிற பொடி இறால் கருவாடு ஒரு கைப்பிடி போட்டால் சுரைக்காய்க்கு வருகிற ருசி பேக்கனில் வருமா? கோல்டு ஸ்டோரேஜ் கடையில் பாக்கெட்டுக்குக் கொடுக்கிற காசுக்கு இங்கே ஒரு மாதத்துக்கான சென்னாக்குன்னி வாங்கலாம்.

செய்முறையும் சொல்லிவிடுகிறேன். வெறும் வாணலியில் சென்னாக்குன்னியை லேசாக வறுத்து, ஆறியதும் உள்ளங்கையில் வைத்துத் தேய்த்து, முறத்தில் புடைத்துவிடுங்கள். மணலும் காலும் மீசையும் போய்விடும். நல்லெண்ணெயில் சின்ன வெங்காயம், பச்சை மிளகாய், கறிவேப்பிலை வதக்கி, சுரைக்காயைப் போட்டு, பாதி வெந்ததும் சென்னாக்குன்னி. இதற்கு உப்பும் அளவாகத்தான்.

அடையாறு அடுப்பு

காசிமேடு சார், நீங்கள் சொன்னதில் எனக்கு ஒரு எழுத்துகூட மறுப்பில்லை. பேக்கன் வதக்கல் எனக்குப் பிடித்துப்போனதே அதனால்தான். காய் சாதுவாக இருக்கிறது, அதற்கு உப்பில் பதப்படுத்திய ஒன்று கொஞ்சமாகக் குரல் கொடுக்கிறது. நம் சமையலின் பழைய கணக்குதான் இது.

ஒரு வித்தியாசம் மட்டும் உண்டு. சென்னாக்குன்னியும் கருவாடும் உப்பையும் அடியோட்டமான ருசியையும் தரும், கொழுப்பைத் தராது. அதனால் நீங்கள் நல்லெண்ணெய் ஊற்றுகிறீர்கள். பேக்கனில் உப்பு, கொழுப்பு, புகை மூன்றும் ஒரே துண்டில் வருகிறது. காய் வதங்குவதே அந்தக் கொழுப்பில்தான். தனியாக எண்ணெயில் வதக்கிவிட்டு மேலே பொரித்த பேக்கனைத் தூவுகிறவர்களும் இருக்கிறார்கள். அதில் பேக்கன் மட்டும்தான் ருசிக்கும், காய் ருசிக்காது. நான் 100 கிராமோடு நிறுத்தச் சொல்வதும் இதனால்தான். தட்டில் காய்தான் பெரிய ஆளாக இருக்க வேண்டும்.

ஜாம்பஜார் வாசி

அஸ்ஸலாமு அலைக்கும் நண்பர்களே. எங்கள் வீட்டில் பன்றி இறைச்சி கிடையாது, அதனால் இந்த இழையைப் பார்த்துவிட்டு நகர இருந்தேன். காசிமேடு அண்ணன் எழுதியதைப் படித்ததும் உப்புக்கண்டம் ஞாபகம் வந்துவிட்டது. ஆட்டுக்கறியையோ மாட்டுக்கறியையோ பட்டை பட்டையாக அரிந்து, உப்பும் மஞ்சளும் தடவி, நூலில் கோத்து வெயிலில் காயவைப்பது. சென்னை வெயிலுக்கு நாலைந்து நாளில் விறைத்துவிடும். அதைச் சுடுதண்ணீரில் கொஞ்ச நேரம் போட்டு, எடுத்து அம்மியில் ஒரு தட்டுத் தட்டினால் நார் நாராகப் பிரியும். எண்ணெயில் பொரித்துவிட்டு, அந்த எண்ணெயிலேயே பரங்கிக்காயை வதக்கலாமா?

அடையாறு அடுப்பு

வ அலைக்கும் ஸலாம், பாய். கண்டிப்பாகச் செய்யலாம். கறியோடு கொழுப்பும் சேர்த்து அரிந்த கண்டமாக இருந்தால் இன்னும் சிறப்பு. இரண்டு விஷயம் மட்டும். உப்புக்கண்டம் பேக்கனைவிடக் காய்ந்தது என்பதால் அதிலிருந்து இறங்கும் கொழுப்பு போதாது, இரண்டு ஸ்பூன் எண்ணெய் சேர்க்க வேண்டும். அப்புறம் ஆட்டுக் கொழுப்பு பன்றிக் கொழுப்பைவிடச் சீக்கிரம் உறையும். ஆறினால் வாயில் மெழுகாக ஒட்டும். அடுப்பிலிருந்து நேராகத் தட்டுக்கு வரட்டும்.

பெரம்பூர் ஆன்ட்டி

Perambur என்று எழுதினால்தான் எங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்குப் புரியும், ஆனாலும் தமிழிலேயே எழுதுகிறேன். நாங்கள் ஆங்கிலோ இந்தியக் குடும்பம், ரயில்வே குவார்ட்டர்ஸில் வளர்ந்தவள். பேக்கனை எங்கள் வீட்டில் விருந்துச் சாமானாக நினைத்ததே இல்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் முட்டையோடு பொரித்தால், வாணலியில் மிஞ்சிய கொழுப்பை அம்மா ஒரு பழைய பிஸ்கட் டப்பாவில் வடித்து வைப்பாள். வாரத்தின் நடுவில் புடலங்காயோ முட்டைக்கோஸோ வதக்க அதில் ஒரு ஸ்பூன் எடுப்பாள். பேக்கன் துண்டு ஒன்றுகூட இருக்காது. ஆனால் மணம் வீட்டு வாசல்வரை வரும்.

அதனால் அடையாறு தம்பிக்கு ஒரு வார்த்தை. வடித்த கொழுப்பைக் கீழே கொட்டாதே கண்ணா. சூடு ஆறியதும் மெல்லிய துணியில் வடிகட்டி, ஈரமில்லாத கண்ணாடிப் பாட்டிலில் ஊற்றி ஃப்ரிட்ஜில் வை. கருகின துணுக்கு உள்ளே இருந்தால்தான் சீக்கிரம் சிக்கு வாடை வரும். சிங்க்கில் ஊற்றினால் குழாயில் உறைந்து அடைத்துக்கொள்ளும், பிறகு பிளம்பருக்குத்தான் போன் போட வேண்டும்.

இன்னொன்று. தேங்காய் வேண்டாம் என்று நீ சொல்லவில்லை, ஆனால் உன் பட்டியலில் இல்லை. ஃபூகத் என்கிற எங்கள் பொரியலில் காயை வதக்கி, கடைசியில் துருவிய தேங்காய் போடுவோம். பேக்கன் கொழுப்பில் வதக்கின புடலங்காய் ஃபூகத், பக்கத்தில் பெப்பர் வாட்டர் (எங்கள் வீட்டு மிளகு ரசம்), வெள்ளைச் சோறு. இதற்கு மேல் ஒரு மதியச் சாப்பாடு எனக்கு வேண்டாம்.

அடையாறு அடுப்பு

ஆன்ட்டி, கொழுப்பை எடுத்து வைக்கிற யோசனை அருமை, பேக்கனைவிட அதுதான் பெரிய விஷயம். தேங்காயில் மட்டும் உங்களோடு ஒத்துப்போக முடியவில்லை. பேக்கன் துண்டுகளும் இருந்து, தேங்காயும் இருந்தால் இரண்டு கொழுப்பு ஒன்றையொன்று மறைக்கும். நீங்கள் சொல்வதுபோல் வெறும் கொழுப்பு ஒரு ஸ்பூன், பேக்கன் துண்டு இல்லை என்றால் தேங்காய்க்கு இடம் இருக்கிறது.

தொட்டுக்கொள்ள என்ன என்பதில் நீங்கள் சொன்னதுதான் சரி. புளிப்பும் காரமும் நீர்க்க இருக்கிற ஒன்றோடுதான் இது சேரும். மிளகு ரசம் சாதத்துக்கு இதைப்போல் ஒன்று அமையாது. சாம்பார் சாதத்தோடு வேண்டாம், பருப்பும் கொழுப்பும் சேர்ந்தால் கனம்.

பல்லாவரம் பேச்சிலர்

ஆன்ட்டி, கடையில் வாங்காமல் பேக்கனை வீட்டிலேயே செய்ய முடியுமா? பன்றிக்கறிக் கடையில் தொப்பைப் பகுதி கறி கிடைக்கிறது.

பெரம்பூர் ஆன்ட்டி

கிறிஸ்துமஸுக்கு எங்கள் வீட்டில் சால்ட் பீஃப் போடுவோம். கறியை முள்கரண்டியால் குத்தி, உப்பு, எலுமிச்சைச் சாறு, கொஞ்சம் சர்க்கரை, சிட்டிகை வெடியுப்பு தேய்த்து நாள் கணக்கில் ஊறவைப்பது. கறி உள்ளே ரோஜா நிறமாக இருப்பது வெடியுப்பால்தான். பேக்கனும் அதே வழிதான், கூடவே புகை. ஆனால் கண்ணா, வெடியுப்பின் அளவு கொஞ்சம் கூடினாலும் உடம்புக்குக் கெடுதல். குறைந்தால் கறி கெடும். கைப்பழக்கம் உள்ளவர் பக்கத்தில் நின்று காட்டாமல் இதை ஆரம்பிக்காதே. புதுக்கறியை அப்படியே நறுக்கி உப்பு மிளகு போட்டுப் பொரித்துக் காயோடு சேர்த்தால் அதுவும் நன்றாகத்தான் இருக்கும். நன்றாக வேக வேண்டும், உள்ளே சிவப்பு தெரியக்கூடாது.

உணவியல் அக்கா

ருசி பற்றி நிறையப் பேசியாகிவிட்டது, உடம்பு பற்றியும் கொஞ்சம் பேச வேண்டும். உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 2015-இல் பதப்படுத்திய இறைச்சியை மனிதர்களுக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் பிரிவில் சேர்த்தது. தினமும் 50 கிராம் சாப்பிடுகிறவர்களுக்குப் பெருங்குடல் புற்றுநோய் வாய்ப்பு 18 சதவீதம் கூடுகிறது என்பது அவர்கள் கணக்கு. புகையிலையும் அதே பிரிவில் இருப்பதைச் சொல்லிப் பலர் பயமுறுத்துகிறார்கள். அந்தப் பிரிவு ஆதாரம் எவ்வளவு உறுதியானது என்பதைக் காட்டுகிறதே தவிர, இரண்டும் ஒரே அளவு ஆபத்து என்று சொல்லவில்லை.

அடையாறு சொல்கிற அளவில் ஆளுக்கு 25 கிராம் பச்சைப் பேக்கன் வருகிறது, பொரிந்தபின் அதுவும் குறையும். எப்போதாவது ஒருநாள் என்றால் நான் தடுக்க மாட்டேன். வாரம் முழுக்கக் காலையில் பேக்கன் என்றால் கண்டிப்பாகத் தடுப்பேன். ரத்தக்கொதிப்பு உள்ளவர்கள் வீட்டில் இருந்தால், நறுக்கிய பேக்கனைக் கொதிக்கிற தண்ணீரில் இரண்டு நிமிடம் போட்டு வடித்துவிட்டுப் பொரியுங்கள். உப்பில் ஒரு பகுதி தண்ணீரோடு போய்விடும். கருக்கவும் வேண்டாம், பொன்னிறம் போதும்.

மாடித்தோட்டம் மடிப்பாக்கம்

இந்த இழையில் இதுவரை யாரும் சொல்லாத ஒன்று. எந்தக் கொடிக்காயாக இருந்தாலும் வாணலியில் போடும் முன் ஒரு சின்னத் துண்டை நுனி நாக்கில் வைத்துப் பாருங்கள். கசந்தால் மொத்தக் காயையும் தூக்கி எறியுங்கள். குக்கர்பிட்டாசின் என்கிற நஞ்சு கொடிக்காய்க் குடும்பத்தில் இயல்பாகவே உண்டு. நாம் சாப்பிடுகிற ரகங்களில் அது மிகக் குறைவு. சில சமயம் வெயில், தண்ணீர்ப் பஞ்சம், வேறு ரகத்தோடு ஏற்பட்ட கலப்பு இவற்றால் கூடிவிடும். வேகவைத்தாலும் போகாது. சுரைக்காய்ச் சாறு கசந்தும் குடித்ததால் நம் நாட்டில் உயிர்ச்சேதமே ஆகியிருக்கிறது. அதன்பிறகு இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் அமைத்த குழு, கசக்கும் சாற்றைக் குடிக்கவே கூடாது என்று சொல்லியது. பேக்கனின் உப்பும் புகையும் கசப்பை மறைத்துவிடும் என்பதால் இந்தச் சமையலில் இந்தச் சோதனை ரொம்ப முக்கியம். பாகற்காயின் கசப்பு வேறு விஷயம், அதைப் பற்றிக் கவலை வேண்டாம்.

சுக்கினியைத் தொட்டியில் வளர்க்க விரும்புகிறவர்கள் மழை ஓய்ந்து பனி இறங்குகிற சமயத்தில் ஆரம்பியுங்கள். சித்திரை வெயிலில் பூ உதிர்ந்து, பிஞ்சு நுனி அழுகிவிடும். ஒரு ஜாண் நீளத்திலேயே பறித்துவிட வேண்டும். விட்டு வைத்தால் ஒரே வாரத்தில் முழங்கை அளவுக்குப் போய்விடும். நடுவில் விதையும் பஞ்சும்தான் மிஞ்சும், வதக்கினால் அத்தனையும் தண்ணீர்.

அடையாறு அடுப்பு

மடிப்பாக்கம் சொன்னதை எல்லோரும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கடையில் வாங்கும்போதும் அந்த ஒரு ஜாண் கணக்கு உதவும். ஊட்டிப் பக்கமிருந்து வருகிற இங்கிலீஷ் காய்கறிகளோடு சேர்த்து வைத்திருப்பார்கள். பெரிதாகப் பளபளப்பதை விட்டுவிட்டு, சிறியதாக, கையில் கனமாக, காம்பு வெட்டிய இடம் காயாமல் இருப்பதை எடுங்கள். தோல் சீவ வேண்டாம்.

மாடவீதி

பேக்கன் இல்லாமல் அந்தப் புகை மணத்தை மட்டும் கொண்டுவர வழி இருக்கிறதா? என் மகள் விடுதியில் இதைச் சாப்பிடுகிற தோழிகளைப் பார்த்துவிட்டு, நமக்கும் இதுபோல் ஒன்று செய்து கொடு என்கிறாள்.

அடையாறு அடுப்பு

இருக்கிறது, அம்மா. சிப்பிக் காளானை நார் நாராகக் கிழித்து, உப்பு லேசாகப் பிசிறி, நல்லெண்ணெயில் மொறுமொறுவென்று ஆகும்வரை நிதானமாகப் பொரியுங்கள். கடிக்க பேக்கன்போலவே இருக்கும் என்று பொய் சொல்ல மாட்டேன், ஆனால் காய்க்குத் தேவையான உப்பும் மொறுமொறுப்பும் கிடைக்கும். புகைக்கு, காயைப் பெரிய பாத்திரத்தில் போட்டு நடுவில் ஒரு சிறு கிண்ணம் வையுங்கள். கொட்டாங்குச்சித் துண்டு ஒன்றை அடுப்பில் காட்டிக் கனலாக்கி, கிண்ணத்தில் போட்டு, அரை ஸ்பூன் நெய் விட்டதும் புகை எழும். அப்போது மூடி போட்டு மூன்று நிமிடம். அடுப்பு அணைந்திருக்கும் என்பதால் இந்த மூடியால் காய்க்குக் கெடுதல் இல்லை. காளான் வேண்டாம் என்றால் வறுத்து ஒன்றிரண்டாக உடைத்த வேர்க்கடலையும் நல்லது.

வேளச்சேரி ஒன்பதாம் மாடி

பேக்கன் பொரித்தால் வீடு முழுக்கப் புகை மணம். எதிர் வீட்டில் சைவம், நடைபாதை வரை போகிறது. அவர்கள் ஒன்றும் சொல்லவில்லை, எனக்குத்தான் சங்கடமாக இருக்கிறது. வழி இருந்தால் சொல்லுங்கள்.

அடையாறு அடுப்பு

ஓடிஜி (மேசைமேல் வைக்கும் சின்ன மின்சார அவன்) இருந்தால் பேக்கனை அதில் செய்துவிடுங்கள். தட்டில் பட்டர் பேப்பர் விரித்து, துண்டுகளை நறுக்காமல் வரிசையாக வைத்து, 200 டிகிரியில் கால் மணி நேரம். கனத்தைப் பொறுத்து முன்பின் ஆகும், பத்து நிமிடத்துக்கு மேல் பக்கத்திலேயே இருங்கள். தெறிக்காது, அதனால் புகையும் குறைவு. தட்டில் தேங்கிய கொழுப்பை வாணலிக்கு மாற்றிக் காயை வதக்கலாம். வாணலியில் செய்வதாக இருந்தால் தீயைக் கூட்டாதீர்கள். மணத்தைவிடக் கருகிய கொழுப்பின் புகைதான் வெளியே போய் நிற்பது. எதிர் வீட்டார் மேல் இந்த அளவு அக்கறை வைத்திருப்பது நல்ல விஷயம்.

பல்லாவரம் பேச்சிலர்

கடைசியாக ஒன்று. பாக்கெட்டைப் பிரித்தால் ஒரு ஆளுக்கு ஒரே தடவையில் தீராது. மீதிப் பேக்கனை எப்படி வைப்பது? வதக்கியது மிஞ்சினால் மறுநாள் சுட வைக்கலாமா?

அடையாறு அடுப்பு

பிரித்த பாக்கெட் ஃப்ரிட்ஜில் ஒரு வாரம் தாங்கும், காற்றுப் புகாமல் சுற்றி வைத்தால். கரண்ட் அடிக்கடி போகிற ஏரியாவாக இருந்தால் அவ்வளவு நாள் வைக்காதீர்கள். அதைவிட, வாங்கி வந்த அன்றே நான்கு நான்கு துண்டாகப் பட்டர் பேப்பரில் சுருட்டி ஃப்ரீசரில் போட்டுவிடுங்கள், ஒரு மாதம் வரை நன்றாக இருக்கும். உறைந்த சுருளைக் கத்தியால் நறுக்குவதும் சுலபம், வழவழவென்று நழுவாது. நறுக்கின பலகையையும் கத்தியையும் சோப்புப் போட்டுக் கழுவிய பிறகுதான் காயை நறுக்க வேண்டும், இல்லையென்றால் காயை முதலில் நறுக்கிவிடுங்கள்.

வதக்கியது மிஞ்சினால் மைக்ரோவேவில் வைக்காதீர்கள், மிச்சம் இருக்கிற தண்ணீரையும் விட்டுவிடும். இரண்டு முட்டையை அடித்து, மிஞ்சிய காயைச் சூடான கல்லில் பரப்பி, மேலே ஊற்றித் திருப்பிப் போடுங்கள். உப்பு சேர்க்க வேண்டாம். பச்சை மிளகாய் பொடியாக நறுக்கி ஒன்று போடலாம்.